திரையில் வீரமும் விசுவாசமும்: போர்ப் படங்களின் கவர்ச்சி குறித்து ஓர் இறையியல் சிந்தனை

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் செஞ்சிக் கோட்டையை அடையலாம். மேற்கே சென்றால் நடுகற்களுக்குப் பேர்பெற்ற செங்கம் வட்டாரம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் திருக்கோயில் நகரமும் போரை அறியாததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் இக்கோயிலின் உயர்ந்த மதில்கள் கோட்டைச் சுவர்களாகப் பயன்பட்டன. 1767 செப்டம்பரில், முதலில் செங்கத்திலும் பின்னர்த் திருவண்ணாமலைக்கு அருகிலும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை ஐதர் அலி, நிஜாம் ஆகியோரின் கூட்டுப் படையோடு பொருதது. அக்கம்பெனிப் படையிலும் பெரும்பகுதியினர் இந்நாட்டுச் சிப்பாய்களே. அவர்களுடைய பெயர்களை இன்று எவரும் அறியார்.

இத்தகைய மண்ணில் வாழும் மக்கள் வீரக் கதைகளை விரும்புவதில் வியப்பில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், தீபாவளியன்று, ‘அமரன்’ என்னும் திரைப்படம் தமிழகமெங்கும் வெளிவந்தது. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்தின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் உயிர்நீத்து, அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை அது சித்தரித்தது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய இப்படத்தில் சிவகார்த்திகேயன் மேஜராக நடித்தார். அரங்குகளில் ஆண்களும் கண்ணீர் விட்டனர். நம் வாலிபர் ஐக்கியங்களிலும் அதுவே பேச்சாயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன், “ஐயா, நான் இராணுவத்தில் சேரலாமா?” என்று ஓர் இளைஞன் தன் ஆயரிடம் கேட்டால், அவர் என்ன விடை கூறுவார்? அருகில் நிற்கும் அவனுடைய தாயாருக்கு என்ன கூறுவார்? இக்கேள்வியை மனத்திற்கொண்டே போர்ப் படங்களின் கவர்ச்சியை இங்கு ஆராய முற்படுகிறோம்.

கல்லில் நின்ற வீரன்

தமிழர் வீரனைப் போற்றியது திரையில் தொடங்கவில்லை; கல்லில் தொடங்கியது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை தொகுத்து 1972-இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் பல, பல்லவர் காலத்தில் ஆநிரைகளைக் கவர வந்தோரோடு போரிட்டு மாண்டவர்களுக்கு எடுக்கப்பட்டவை. அவர்கள் பேரரசர்கள் அல்லர். தங்கள் ஊரின் மாடுகளையும் எருமைகளையும் காக்க நின்ற எளியவர்கள்.

இவ்வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த இக்கல்லில், எருமைகளைக் காக்கும் முயற்சியில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். தன் தலைவன் வீழ்ந்தபோது அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. வீரத்தையும் விசுவாசத்தையும் ஒரே கல்லில் பொறித்து, 1,300 ஆண்டுகளுக்கும் மேலாக நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வீழ்ந்த வீரனின் குடும்பத்தாருக்கு நிலம் அளிக்கும் வழக்கம் பழந்தமிழகத்தில் இருந்தது. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன. அதாவது, வீரனுக்குப் புகழ் பாடிய ஊர் அவன் மனைவி மக்களுக்குச் சோறிடும் கடமையையும் ஏற்றுக்கொண்டது. போற்றுதலுக்கு ஒரு விலை இருந்தது. இன்றைய திரையரங்கில் நாம் கொடுப்பது நுழைவுச்சீட்டின் விலை மட்டுமே. இவ்வேறுபாட்டிற்குப் பின்னர்த் திரும்புவோம்.

செஞ்சிக் கதையும் வெள்ளித்திரையும்

கல்லுக்கும் திரைக்கும் நடுவில் நிற்பது கதைப்பாடல். தேசிங்கு ராஜன் கதை இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. தேஜ் சிங் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் வடநாட்டுப் புந்தேல மரபினர். தந்தை சரூப் சிங்குக்குப் பின் செஞ்சிக் கோட்டையின் பொறுப்பை ஏற்ற அவருக்கும் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்கும் கோட்டையின் உரிமை பற்றியும் கட்ட வேண்டிய திறைப்பாக்கி பற்றியும் வழக்கு எழுந்தது. 1714 அக்டோபரில் நடந்த போரில் இளம் வயதினரான தேசிங்கு மாண்டார். அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அவ்வம்மையாரின் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பர்.

மக்கள் இக்கதையை நேசித்ததற்குப் பெருங்காரணம் தேசிங்கின் இஸ்லாமிய நண்பர். தம் திருமண நிகழ்வின் நடுவே நண்பனின் அழைப்பைக் கேட்டவர், மணக்கோலத்தை விட்டுப் போர்க்களம் ஏகி அங்கேயே உயிர்நீத்தார் என்று கதை கூறும். இந்து மன்னனுக்காக இஸ்லாமிய நண்பன் மாண்ட கதையை இந்துக்களும் இஸ்லாமியரும் ஒருங்கே பாடியது நம் மாநிலத்தின் பெருமைக்குரிய செய்தி. இக்கதை 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ என்னும் திரைப்படமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளிவந்திருந்தது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரைப் பின்னணியாகக் கொண்ட ‘இரத்தத் திலகம்’ 1963-இல் வந்தது. ‘அமரன்’ இந்நெடிய மரபின் அண்மைக் கண்ணி.

எனினும் வரலாறு கதையாகும்போது சில காரியங்கள் மறைகின்றன. செஞ்சிப் போரின் வேரில் இருந்தது வரிப்பணம். அந்த வரி கோட்டைக்குள் விளையவில்லை. சுற்றியிருந்த ஊர்களின் உழவர்களிடமிருந்தே எடுக்கப்பட்டது. கோட்டையை எவர் ஆண்டாலும் அவர்கள் கொடுத்தே தீரவேண்டும். கதைப்பாடலில் குதிரைக்குப் பெயர் உண்டு. உழவனுக்குப் பெயர் இல்லை.

மனம் ஏன் இழுக்கப்படுகிறது?

போர்ப் படங்களை விரும்புவோரெல்லாம் இரத்தவெறி கொண்டவர்கள் என்று கருதுவது தவறு. பார்ப்போரை இழுக்கும் நலமான காரணங்கள் சிலவற்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாவது, தன்னலம் கடந்த ஒரு நோக்கத்திற்காக வாழவேண்டும் என்ற ஏக்கம். படித்தும் வேலையின்றி, வேலை கிடைத்தும் மதிப்பின்றி வாழும் இளைஞனுக்குத் தன் உயிர் ஏதோ ஒன்றிற்குத் தேவைப்படுகிறது என்ற எண்ணமே ஒரு விடுதலை.

இரண்டாவது, தோழமை. சாதியும் மொழியும் பிரித்து வைத்த மனிதர் ஒரே தட்டில் உண்டு, ஒருவரையொருவர் தூக்கிச் சுமக்கும் காட்சி படையில் கிடைக்கிறது. திருச்சபையில் அது கிடைத்திருந்தால், இளைஞர் அதைத் திரையில் தேடியிருப்பார்களா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஓர் எல்லை வகுக்கும் சபைகள் நம்மிடையே இருந்ததை நாம் அறிவோம்.

மூன்றாவது, விசுவாசம். இச்சொல் நம் ஆழ்ந்த கவனத்திற்குரியது. கிறிஸ்தவத் தமிழில் விசுவாசம் என்பது தேவன்மேல் வைக்கும் நம்பிக்கை. பொது வழக்கிலோ அது வேலையாள் தன் எஜமானுக்கும், குடி தன் அரசனுக்கும், நாய் தன்னை வளர்த்தவனுக்கும் காட்டும் மாறாத பற்று. புதிய ஏற்பாட்டின் ‘பிஸ்திஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குகிறது. நம்பிக்கையும் உண்மையுடைமையும் அதனுள் அடங்கும். ஆகவே ஒரு போர்வீரன் தன் தோழனைக் கைவிடாமல் நிற்கும்போது நம் உள்ளம் அசைவது வெறும் உணர்ச்சிவசமன்று. நாம் எதற்காகப் படைக்கப்பட்டோமோ அதன் சாயலை அங்குக் காண்கிறோம்.

நான்காவது, துக்கிக்கும் உரிமை. ஆண்பிள்ளை அழலாகாது என்று வளர்க்கப்பட்டவனுக்கு இருண்ட அரங்கில் அழ அனுமதி கிடைக்கிறது. ‘அமரன்’ வீரனின் துணைவியாருடைய நினைவின் வழியாகவே பெரிதும் விரிவது குறிப்பிடத்தக்கது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவ்வம்மையார் 2015-ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் கணவரின் விருதைப் பெற்றுக்கொண்டதை நாடு கண்டது. அப்படத்தைத் தாங்கி நிற்பது துப்பாக்கிச் சத்தத்தைவிட அந்தத் துயரமே.

திரை மறைப்பவை

இனி மறுபக்கம். நல்ல ஏக்கங்களைத் தொட்டெழுப்பும் ஒரு கலை, அவ்வேக்கங்களை எங்கே கொண்டு நிறுத்துகிறது?

முதலாவது, எதிரியின் முகம் மறைகிறது. பெரும்பாலான போர்ப் படங்களில் நம் வீரனுக்குத் தாய் உண்டு, காதல் உண்டு, குழந்தை உண்டு. எதிரிக்குத் துப்பாக்கி மட்டுமே உண்டு. ‘அமரன்’ வெளிவந்தபோது, காஷ்மீர முஸ்லிம் மக்கள் அதில் சித்தரிக்கப்பட்ட முறை குறித்துச் சில அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2024 நவம்பரில் திருநெல்வேலியில் அப்படம் ஓடிய அரங்கின்மீது பெட்ரோல் குண்டுகளும் வீசப்பட்டன. அவ்வன்செயலை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும், அரங்கில் நம்மோடு அமர்ந்து பார்க்கும் அயலான் தன் சமயத்தாரைத் திரையில் காணும்போது என்ன உணர்கிறான் என்று கேட்பது அன்பின் கடமை. தேசிங்கின் நண்பரைப் பாடிய மண்ணில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக ஒலிக்க வேண்டும்.

எதிரிக்கு முகம் கொடுத்த படங்களும் உண்டு. ரெமார்க்கின் புதினத்தைத் தழுவி 1930-இல் வெளிவந்த ‘ஆல் குயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ என்னும் படத்தில், ஒரு குழியில் தன்னால் குத்தப்பட்டுச் செத்துக்கொண்டிருக்கும் பிரெஞ்சு வீரனிடம் ஜெர்மானிய இளைஞன் மன்னிப்புக் கேட்டுக் கதறுகிறான். அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நாஜிகள் அப்படக்காட்சியைக் குழப்பி நிறுத்தினர்; சில நாள்களில் படமே தடை செய்யப்பட்டது. பகைவனும் ஒரு மனிதனே என்று கண்ட கண், அடுத்த போருக்கு எளிதில் உதவாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இரண்டாவது, போரைச் சுமந்த எளியோர் மறைகின்றனர். 1957-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்னும் படம், ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைத்தபோது ஆங்கிலேயப் போர்க்கைதிகள் காட்டிய மனவுறுதியைச் சித்தரிக்கிறது. அப்படத்தின் பெரும்பகுதி இலங்கையின் கித்துள்கலையில் எடுக்கப்பட்டது. அந்த இரயில் பாதையில் மாண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர். அவர்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரமாயிரம் பேர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. வீரனின் கதை ஒளிபெறும்போது கூலியாளின் சாவு இருளில் விழுந்தது.

மூன்றாவது, கண்ணீரின் விலை மறைகிறது. தூய அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேஜ் நகர நாடக அரங்குகளில் தாம் அழுது மகிழ்ந்த நாள்களை நினைவுகூர்கிறார். துன்பப்படுவோருக்கு உதவ வேண்டிய கடமை சற்றும் இன்றி, துன்பத்தைக் கண்டு உருகும் இன்பத்தை மட்டும் நாடகம் தருகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுவின் கதையைக் கூறுகிறார். உரோமையில் வாட்போர்க் காட்சிக்கு வலிய இழுத்துச் செல்லப்பட்ட அவர், கண்களை இறுக மூடியிருந்தார். கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண் திறந்தார். அக்கணமே அக்கொடுமையில் மயங்கிப் போனார். கூட்டத்தோடு அமர்ந்து காணும் வன்மைக்குத் தனி ஆற்றல் உண்டு என்பதை ஆயர்கள் மறவாதிருப்பார்களாக.

திருமறையில் வீரரும் விசுவாசமும்

திருமறை போர்வீரனை இழித்துரைக்கவில்லை. யோவான் ஸ்நானகன் தன்னிடம் வந்த போர்ச்சேவகரை நோக்கி, எளியோரை வருத்திப் பணம் பறியாமல் தங்கள் ஊதியத்தில் நிறைவுறும்படி கூறினான் (லூக். 3:14). நூற்றுக்கு அதிபதி ஒருவனின் விசுவாசத்தைக் கண்டு ஆண்டவரே வியந்தார் (லூக். 7:9). நம் சபைகளில் இராணுவத்தில் பணியாற்றுவோரும் ஓய்வுபெற்றோரும் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தலைமுறையாகப் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் பல. அவர்களுடைய பணியைச் சிறுமைப்படுத்திப் பேச நமக்கு உரிமையில்லை.

ஆயினும் வீரக்கதைகளைத் திருமறை சொல்லும் முறை வேறு. தாவீதின் தாகத்தைத் தீர்க்க மூன்று வீரர் பகைவரின் பாளயத்தை ஊடுருவிப் பெத்லகேமின் கிணற்று நீரைக் கொண்டுவந்தனர் (2 சாமு. 23:13–17). திரைக்கு ஏற்ற காட்சி! தாவீது அதைக் குடிக்கவில்லை. அது உயிரைப் பணயம் வைத்தவர்களின் இரத்தம் என்று கண்டு, ஆண்டவருக்கென்று தரையில் ஊற்றிவிட்டான். பிறருடைய வீரம் தன் இன்பத்திற்குப் பானமாகலாகாது என்று உணர்ந்த தலைவன் அவன்.

அதே தாவீது பின்னர் என்ன செய்தான்? உரியா என்னும் ஏத்தியன், உடன்வீரர் வெளியில் தங்கியிருக்கத் தான் மட்டும் வீட்டிற்குச் சென்று மகிழ மறுத்தான் (2 சாமு. 11:11). விசுவாசத்திற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எது? அந்த விசுவாசமே அவனுக்குத் தூக்குக்கயிறாயிற்று. தன் சாவுக்கான கடிதத்தைத் தன் கையிலேயே சுமந்து சென்று யோவாபிடம் கொடுத்தான். உரியாவை நாயகனாக வைத்துப் படமெடுத்தால், அவன் மதிலடியில் வீழ்வதோடு அது முடியக்கூடும். திருமறையோ அங்கு முடியவில்லை; கட்டளையிட்ட அரண்மனைக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. போர்க்களத்தில் மாண்டவனின் வீரத்தைப் பாராட்டுவதோடு, அவனை அங்கு அனுப்பியது யார், எதற்காக என்றும் கேட்கிறது.

இன்னொரு பகுதி. புது வீடு கட்டியவன், திராட்சத்தோட்டம் நட்டவன், பெண்ணை நியமித்தும் மணம் முடிக்காதவன் ஆகியோர் போருக்குப் போகாமல் வீடு திரும்பலாம் என்று உபாகமம் விதிக்கிறது (20:5–7). புதிதாய் மணந்தவன் ஓராண்டுக் காலம் தன் மனைவியோடு மகிழ்ந்திருக்க வேண்டும் (24:5). மணப்பந்தலிலிருந்து எழுந்து களத்திற்குப் போனவரைச் செஞ்சிக் கதை போற்றுகிறது; மோசேயின் நியாயப்பிரமாணமோ அவரை மணப்பந்தலுக்கே திருப்பி அனுப்புகிறது. போரிலும் பெரிதாகிய ஒன்று உண்டு. அது வாழ்வு என்பதே இதன் கருத்து.

சிலுவை காட்டும் வேறுபாடு

சிநேகிதருக்காகத் தன் உயிரைக் கொடுப்பதிலும் மேலான அன்பு இல்லை என்ற ஆண்டவரின் வார்த்தை (யோவா. 15:13) உலகெங்கும் போர் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. போர்வீரனின் தியாகத்தில் இவ்வன்பின் ஒளி இல்லை என்று கூறுதல் இயலாது. எனினும் இரண்டு வேறுபாடுகளை நாம் மறைத்தலும் ஆகாது. போர்வீரன் உயிர் கொடுக்க மட்டுமன்று, உயிர் எடுக்கவும் அனுப்பப்படுகிறான். இயேசுவோ எடுக்கவில்லை, தமக்காக உருவப்பட்ட பட்டயத்தையும் உறையில் போடச் சொன்னார் (மத். 26:52). மேலும், போர்வீரன் தன்னவருக்காக மாள்கிறான், கிறிஸ்துவோ நாம் பகைவராயிருக்கையில் நமக்காக மரித்தார் (உரோ. 5:10). சிலுவையின் கதையில் எதிரிக்கு முகம் உண்டு. அது நம் முகமே.

இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது வீரனைப் பழிப்பதாகாது. வீரனின் தோளில் மீட்பர் ஒருவரே சுமக்கத்தக்க பாரத்தை ஏற்றாதிருப்பதாகும். நாட்டை அன்புகூரலாம், வணங்கலாகாது. வீரனை மதிக்கலாம், அவன் இரத்தத்தில் மீட்பைத் தேடலாகாது.

ஆயரின் பணி

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். இளைஞனின் கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ உடனே விடை கூறி அனுப்புவது ஆயரின் பணியன்று. ‘அப்படத்தில் உன் உள்ளத்தைத் தொட்டது எது?’ என்று முதலில் கேட்க வேண்டும். அவன் தேடுவது ஊதியமா, மதிப்பா, தோழமையா, ஒப்புக்கொடுத்தலா என்பது அப்போது விளங்கும். படைக்குச் செல்வதே அவன் தெளிந்த முடிவானால், எளியோரை வருத்தாத வீரனாக நிற்கும் பொறுப்பை உணர்த்தி, சபையின் மன்றாட்டோடு அனுப்ப வேண்டும். தாயாரின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்காமல், அதையும் தேவனுக்கு முன் வைக்க வேண்டும்.

வாலிபர் ஐக்கியத்தில் இத்தகைய படத்தைக் குறித்துக் கலந்துரையாட மூன்று கேள்விகள் போதும். இப்படத்தில் பெயரும் குடும்பமும் இல்லாதவர் யார்? கட்டளையிட்டவர் எங்கே இருக்கிறார்? படம் முடிந்தபின் அழுதுகொண்டிருப்பவர் யார்? இவற்றோடு, சபை எல்லைக்குள் இருக்கும் படைவீரர் குடும்பங்களை, சிறப்பாக விதவைகளையும் உடலும் உள்ளமும் புண்பட்டுத் திரும்பியவர்களையும் சந்திக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். நடுகல் எழுப்பிய முன்னோர் நிலம் கொடுத்தனர். நாம் நேரமாவது கொடுக்கலாம்.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஒரு கதை சொன்னார். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனின் கதை அது. பார்வையாளனாக அமர்ந்து கேட்ட அரசன் உருகினான், சினந்தான். அவ்வுணர்ச்சி அவனுக்கு எச்செலவும் வைக்கவில்லை. அந்த மனிதன் நீரே என்று தீர்க்கதரிசி கூறிய நொடியில்தான் அவன் பார்வையாளன் என்னும் இருக்கையை இழந்தான், மனந்திரும்பினான். திரையரங்கிலிருந்து கலங்கிய கண்களோடு வெளிவரும் நம் இளைஞருக்கு அத்தகைய நாத்தான்கள் தேவைப்படுகின்றனர். அக்கண்ணீரை இகழாமல், அதை அயலானின் வீட்டு வாசல்வரை, பகைவனின் வீட்டு வாசல்வரை அழைத்துச் செல்லும் ஆயர்களாக நம்மை ஆண்டவர் உருவாக்குவாராக.